நிலைவாழ்வும் நிகழ்கால வினையும்: கிறித்தவக் காப்பியங்கள் இரண்டினை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழில் எழுந்த கிறித்தவக் காப்பியங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இருவகையினர். ஒருவகையினர் அவற்றின் சொல்வளத்தையும் அணிநலத்தையும் எடுத்தோதிக் கம்பனொடும் திருத்தக்கதேவரொடும் ஒப்பிட்டு மகிழ்வர். மற்றொரு வகையினர் அவை ஒரு சமயத்தார்க்கே உரியன என்று கருதி, இலக்கிய வரலாற்றில் ஓரிரு பத்திகளோடு அமைவர். இவ்விரு வகையினரும் பெரிதும் எழுப்பாத வினா ஒன்றுண்டு. அழிவில்லாத மறுமை வாழ்வை நோக்கியே பாடப்பெற்ற இந்நூல்கள், அழியும் இயல்புடைய இன்றைய ஒரு நாளுக்கு என்ன மதிப்புத் தருகின்றன என்பதே அது. மறுமையை நம்புவோன் இம்மையில் ஏன் உழைத்தல் வேண்டும்? விண்ணகர்க்குச் செல்வோன் மண்ணகத்துத் தெருவை ஏன் திருத்துதல் வேண்டும்? இவ்வினாவுக்கு விடை தாராத காப்பியம், எத்துணைச் சொல்வளம் பெற்றிருப்பினும், வாழ்க்கைக்குப் புறம்பாகவே நிற்கும். ஆதலின் இதனைச் சமயவாதிகள் தம்முள் பேசித் தீர்த்துக்கொள்ளும் பொருள் என்று தள்ளாது, காப்பியத்தின் தகுதியை அளக்கும் திறனாய்வு வினாவாகவே ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். வீரமாமுனிவரின் தேம்பாவணியும் (1726), எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் (1894) இவ்வாய்வுக்கு அடிப்படையாவன.

கிறித்தவம் வருதற்கு நெடுங்காலம் முன்னரே இவ்வினா தமிழ் நிலத்தில் எழுந்துவிட்டது. சென்னைக்கு மேற்கே கிடக்கும் சிறு நிலப்பரப்பு ஒன்றை எண்ணிப் பார்த்தாலே இஃது விளங்கும். பூவிருந்தவல்லி திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். அதன் மேற்கே ஆழ்வார் ஒருவர்க்குப் பெயர் தந்த திருமழிசை. வடகிழக்கே மூர்க்க நாயனாரின் திருவேற்காடு. தெற்கே சேக்கிழார் தோன்றிய குன்றத்தூர். அம்பத்தூர்க்கும் ஆவடிக்கும் இடையே, சுந்தரர் பாடல் பெற்ற திருமுல்லைவாயில். ஒரு நாள் நடைக்குள் அடங்கும் இவ்வட்டாரத்தில் வாழ்ந்த அடியார்களின் வரலாறுகள் யாவும், வீடுபேற்றுக்கும் அன்றாடத் தொண்டுக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் ஒன்றையே வெவ்வேறு வகையாகக் கேட்கின்றன.

திருக்கச்சி நம்பிகளைப் பற்றி வைணவ மரபு ஒரு செய்தி கூறும். காஞ்சிப் பேரருளாளனுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டினை நாள்தோறும் செய்துவந்த அவர், தமக்கு வீடுபேறு கிட்டுமோ என்று இறைவனையே வினவினாராம். நீ வீசினாய், நாம் உன்னொடு பேசினோம், கணக்குத் தீர்ந்தது என்பது இறைவன் விடை. கேட்போர்க்கு முதலில் நகையும், சிறிது நேரங் கழித்து அச்சமும் தரும் விடை இது. தொண்டு கூலியாகாது, வீடு அதன் விலையுமாகாது என்பதனை இதனினும் கூர்மையாக உணர்த்தல் அரிது. திருவேற்காட்டு மூர்க்கரோ அடியார்க்கு அமுதளித்துத் தம் செல்வம் எல்லாம் தீர்ந்த பின்னும் அத்தொண்டினை விடமாட்டாராய்ச் சூதாடிப் பொருளீட்டி உணவளித்தார். இத்தகையோர் வரலாறுகளைத் தொகுத்துப் பாடிய குன்றத்தூர்ப் புலவர், அடியார்கள் அன்பினால் கும்பிடுதலையன்றி வீடும் வேண்டாத வீறுடையார் என்று தெளிவுறுத்தினார். ஆகவே, மறுமை இன்பத்தைக் கருதி இம்மையில் நன்மை செய்தல் என்பது தொண்டை நாட்டுப் பக்தி மரபில் உயர்ந்த நிலையாக எண்ணப்பட்டதில்லை. இந்நிலத்துப் பயிற்சியோடு கிறித்தவக் காப்பியத்தைக் கையிலெடுப்பவன், என்றுமுள வாழ்வை அவாவுதல் ஒருவகைத் தன்னலம் ஆகாதோ என்று கேட்பது இயல்பேயாகும்.

அண்மைக் காலம் அவ்வினாவை வேறொரு பக்கத்திலிருந்தும் எழுப்பியுள்ளது. 1955-ஆம் ஆண்டில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு, சோசலிச பாணிச் சமுதாயம் அமைத்தலைத் தன் குறிக்கோளாக அறிவித்தது. வருங்கால நம்பிக்கையை விண்ணிலிருந்து மண்ணுக்கு இறக்கிய அறிவிப்பு அது எனலாம். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையோ, மறுமை என்பதே மக்களை மயக்கும் கற்பனை என்று வாழ்நாள் முழுதும் சொல்லிவந்த ஈ. வெ. ரா. பெரியாரின் பெயரை இன்று தாங்கி நிற்கின்றது. அதே பூவிருந்தவல்லியில் கத்தோலிக்கக் குருமாணவர்களைப் பயிற்றும் திரு இருதயக் குருத்துவக் கல்லூரியும் உள்ளது. நம்பிகளின் கோயிலும், பெரியார் பெயர் பெற்ற சாலையும், குருமடமும் ஒன்றுக்கொன்று எட்டிப்பிடிக்கும் தொலைவில் இருக்கும் இடத்தில், விண்ணுலக நம்பிக்கை மண்ணுலகக் கடமையை மழுங்கச் செய்யுமா என்னும் வினா ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை.

காப்பியங்களுள் புகுமுன் சொற்களைச் சற்று நோக்குவாம். சீர்திருத்தக் கிறித்தவரிடையே நெடுங்காலமாக வழங்கும் விவிலிய மொழிபெயர்ப்பில் ‘நித்திய ஜீவன்’ என்னும் தொடர் நிலைபெற்றுள்ளது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்போ ‘நிலைவாழ்வு’ என்னும் சொல்லை ஆண்டது. வடசொல்லை நீக்கித் தமிழ்ச்சொல் பெய்தனர் என்று மட்டும் இதனைக் கருதிவிடலாகாது. நித்தியம் என்பது முடிவிலாக் காலநீட்சியைச் சுட்டும். கேட்போன் மனம் இறப்புக்கு அப்பால் தொடங்கும் ஓர் அளவற்ற நெடுமையை எண்ணுகின்றது. நிலை என்பதோ தன்மையைச் சுட்டும். அசையாது நிற்றல், வேரூன்றல், ஊன்றிய இடத்திலேயே தொடங்குதல் ஆகிய பொருள்கள் எல்லாம் அதன்கண் அடங்கும். யோவான் நற்செய்தியில் இச்சொல் வரும் இடங்களை ஒருங்கே வைத்துப் பார்ப்போர்க்கு இரண்டாவது பொருளே பெரிதும் பொருந்துவது புலனாகும். அங்கே இறைவனை அறிதல்தானே நிலைவாழ்வு எனப்படுகின்றது. நம்புவோன் அதனை இப்பொழுதே பெற்றுள்ளான் என்றும் கூறப்படுகின்றது. எனவே, மூலநூலிலேயே அது நாளைக்கு ஒத்திவைக்கப்பட்ட ஒன்றன்று.

‘நிலைவாழ்வு’ என்று கேட்டவுடன் தமிழ் கற்றோர் செவியில் திருக்குறளின் நிலையாமை அதிகாரமும் உடன் ஒலிக்கும். துறவறவியலுள் முப்பத்து நான்காவதாக அமைந்த அவ்வதிகாரம், யாக்கையும் செல்வமும் நில்லா என்று சொல்லி அங்கேயே நின்றுவிடவில்லை. நில்லாத செல்வம் கைவந்தவுடனே நிற்கும் அறத்தைச் செய்க என்றும், நாவடங்கி விக்குள் எழுதற்கு முன்னே நல்வினை விரைந்து செய்யப்படும் என்றும் அது ஏவுகின்றது. நிலையாமை உணர்ச்சி வள்ளுவரிடத்துச் சோர்வாகாது விரைவாகின்றது. மணிமேகலையும் அவ்வாறே, நிலையாமை கேட்டுத் துறந்தவள் கையில் அமுதசுரபி ஏந்திப் பசித்தோர்க்குச் சோறிட்டாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். இம்மரபில் வந்த வாசகன் கிறித்தவ நம்பிக்கையிடம் கேட்பது இதுவே: நிலையாமை எமக்கு விரைவு தந்தது, நிலைவாழ்வு எமக்கு என்ன தரும்?

பவுலடியார் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதினைந்தாம் அதிகாரம் இதற்கு நேர்விடை தருகின்றது. உயிர்த்தெழுதலைப் பற்றி விரிவாகப் பேசும் அப்பகுதி, சாவின் தோல்வியை முழங்கிய பின், உங்கள் உழைப்பு வீண்போகாது, ஆதலின் உறுதியாக நின்று மிகுதியாக உழையுங்கள் என்னும் கருத்தோடு முடிகின்றது. அதற்கடுத்த அதிகாரத்தின் முதற்செய்தி எருசலேமின் ஏழையர்க்காகப் பொருள் திரட்டுவது பற்றியது. விண்ணைப் பாடிய நாவு மறுவரியிலேயே உண்டியல் பற்றிப் பேசுகின்றது. அதிகாரப் பிரிவு பிற்காலத்தார் இட்டது. பவுலுக்கு இரண்டும் ஒரே மூச்சு. தெசலோனிக்கேயர்க்கு எழுதியபோதும், ஆண்டவர் வருகை அண்மையில் என்று மயங்கிய சபையில் உழையாது திரிந்தவரை நோக்கி, அமைதியாக உழைத்துத் தம் உணவை உண்ணுமாறு அவர் கட்டளையிட்டார். உழைப்பை நெகிழவிடும் மறுமை நம்பிக்கையை முதலிற் கடிந்தவர் பகுத்தறிவாளர் அல்லர்; பவுலே என்க.

இனி, இரட்சணிய யாத்திரிகத்தைக் காண்போம். 1827-இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவக் குடியிற் பிறந்து, கம்பராமாயணத்தில் ஊறி வளர்ந்து, 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர் கிருஷ்ணபிள்ளை. சான் பனியன் என்னும் ஆங்கிலப் புலவர் 1678-இல் வெளியிட்ட உருவகக் கதையைத் தழுவி அவர் இயற்றிய இக்காப்பியம், ‘நற்போதகம்’ என்னும் இதழில் பல்லாண்டுகள் பகுதி பகுதியாக வெளிவந்து, பின்னர் 1894-இல் நூலுருப் பெற்றது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என்னும் ஐந்து பருவங்களையும் 3,600-க்கு மேற்பட்ட விருத்தங்களையும், இடையிடையே தேவாரம் என்னும் பெயரிலேயே அமைந்த பதிகங்களையும் உடையது.

யாத்திரை என்னும் சொல்லிலேயே இந்நூலின் சிக்கல் தொடங்குகின்றது. தமிழர் யாத்திரை செல்வது மீண்டு வருதற்கே. புரட்டாசித் திங்களில் சென்னையிலிருந்து புறப்படும் திருக்குடைகள் வில்லிவாக்கம், பாடி, அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் வழியே திருமலை நோக்கிச் செல்வதை இப்பகுதியார் ஆண்டுதோறும் காண்பர். உடன் செல்வோர் மலை கண்டு வணங்கி மறுவாரம் தத்தம் தொழிலுக்கு மீள்வர். வீட்டில் விளக்கேற்றி வைத்தவர்க்குப் பிரசாதம் கொண்டு வருவர். பனியனின் யாத்திரிகனோ மீளமாட்டான். அழிவு நகரினின்று அவன் ஓடும்போது மனைவியும் மக்களும் கூவி அழைக்க, செவிகளை விரலால் அடைத்துக்கொண்டு ஓடுகின்றான். இல்லறத்தை அறமெனப் போற்றும் தமிழ் மரபுக்கு இக்காட்சி கல்லிடறுவது போன்றது. பனியனே இதனை உணர்ந்திருந்தார் என்பதற்கு அகச்சான்று உண்டு. வழியிடையுள்ள அழகிய மாளிகையில், அன்பு என்னும் மங்கை, உன் குடும்பத்தை ஏன் உடன் அழைத்து வரவில்லை என்று வினவ, அவன் கண்ணீர் விடுகின்றான். கிருஷ்ணபிள்ளையின் தலைவனான ஆன்மவிசாரியும் தனித்தே வழிக்கொள்கின்றான். கம்பனைத் துறைபோகக் கற்றவர், காடு செல்லும் தலைவனோடு மனைவியும் தம்பியும் உடன்செல்லும் காப்பியத்தை நெஞ்சில் சுமந்தவர், இத்தனிமையை எவ்வளவு இடர்ப்பாட்டோடு பாடியிருத்தல் வேண்டும் என்று எண்ணத் தோன்றுகின்றது.

எனினும், நூலின் கட்டமைப்பை உற்று நோக்குவோர்க்கு வேறொன்று புலனாகும். பனியன் கதையில் யாத்திரிகன் முதுகிலுள்ள பாவச்சுமை சிலுவையின் முன் கழன்று விழுகின்றது. இது பயணத்தின் இறுதியில் நிகழ்வதன்று, தொடக்கத்தையடுத்தே நிகழ்கின்றது. நீண்ட வழி முழுதும் அதன் பின்னரே கிடக்கின்றது. கிருஷ்ணபிள்ளை இவ்வமைப்பை மேலும் அழுத்தமாக்கினார். இயேசுவின் பாடுகளை விரித்துரைக்கும் இரட்சணிய சரிதப் படலத்தை ஐந்து பருவங்களுள் இரண்டாவதாகிய குமார பருவத்தில் அமைத்தார். பனியன் சில வரிகளில் கடந்துசெல்லும் சிலுவையை இவர் ஒரு முழுக்கதையாக்கினார். துன்புறுத்துவோரையும் மன்னிக்குமாறு வேண்டும் அம்மெலிந்த குரல், நூலின் மிகச் சிறந்த விருத்தங்களுள் ஒன்றில் ஒலிக்கின்றது. இப்படலத்துக்குப் பின்னும் மூன்று பருவங்கள் உள. மீட்பு முடிந்துவிட்டதெனில், நிலைவாழ்வு உறுதியாகிவிட்டதெனில், எஞ்சிய மூன்று பருவங்கள் எதற்கு? சுமை இறங்கிய பின் மனிதன் ஏன் நடக்கின்றான்?

யாம் கருதுவது இதுவே: இரட்சணிய யாத்திரிகத்தின் காப்பியப் பொருள் விண்ணகரை அடைதல் அன்று, சுமை இறங்கியவன் நடக்கும் நடையே அதன் பொருள். அஞ்சி ஓடியவன் சிலுவையைக் கண்டபின் அஞ்சி ஓடவில்லை; பாடிக்கொண்டு நடக்கின்றான். இடையிடையே வரும் தேவாரப் பதிகங்களைச் சிலர் கதையோட்டத்தைத் தடுப்பன என்பர். கதையை மட்டும் தேடுவோர்க்கு அவ்வாறு தோன்றலாம். அச்சம் அன்பாக மாறியதற்குக் காப்பியம் தரும் சான்று அப்பதிகங்களே ஆதலின், அவற்றை நீக்கின் நூலின் உயிர் நீங்கும். அவற்றுட் பலவற்றில் அடியவன் நகரத்தின் பொன்மாடங்களை மறந்துவிடுகின்றான். தன்னோடு நடந்தவனையே நினைந்து உருகுகின்றான். வீடும் வேண்டா என்ற குன்றத்தூர்ப் புலவரின் அடியார்க்கும் இவனுக்கும் இடையேயுள்ள தொலைவு, தொடக்கத்தில் தோன்றியதினும் மிகக் குறைவாகின்றது. வைணவத்தில் வளர்ந்தவர் சைவத் திருமுறையின் வடிவை எடுத்துக் கிறித்தவ நம்பிக்கையைப் பாடியதனால் விளைந்த மாற்றம் இது. பனியனின் தூய்மைவாதக் கதையில் மிக்கு நிற்கும் தீர்ப்பு அச்சம், தமிழ் விருத்தத்தில் கரைந்துவிட்டது.

இவ்வளவு கூறியபின் குறையையும் மறைத்தலாகாது. ஆன்மவிசாரி நடக்கின்றான், போராடுகின்றான், சோதனைகளை வெல்கின்றான், உடன்வழிப்போக்கர்களோடு நெடிது உரையாடுகின்றான். ஆனால் அவன் எதையும் செய்வதில்லை. உழுவதில்லை, நெய்வதில்லை, கட்டுவதில்லை. உலகவாழ்வு அவனெதிரே வரும்போதெல்லாம் பெரும்பாலும் மாயச் சந்தையாகவோ, மயக்கு நிலமாகவோ, பகைவர் கோட்டையாகவோ வருகின்றது. அச்சந்தையில் அறம் பிழையாது உயிர்கொடுத்த நிதானியின் இறப்பு உயர்ந்த காட்சியே; அதன் பெருமிதம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயினும், உண்மைக்காகச் சாதல் எங்ஙனம் என்று கற்பிக்கும் காப்பியம், அதே சந்தையில் பொய்யளவு செய்யாது கடை வைத்துப் பிழைத்தல் எங்ஙனம் என்று கற்பிக்கவில்லை. உருவகக் கதையின் எல்லை அது. வழி என்னும் உருவகத்தை எடுத்துக்கொண்ட புலவனுக்கு ஊர்கள் எல்லாம் கடந்துபோகும் இடங்களாகவே அமையும். எந்த ஊரிலும் அவன் தலைவன் கிணறு வெட்டமாட்டான்.

இக்குறையை ஈடுசெய்வது தேம்பாவணி. காலத்தால் முற்பட்ட நூல் பிற்பட்டதன் குறையை நிரப்புகிறது என்பது வியப்பாகத் தோன்றலாம். கிருஷ்ணபிள்ளைக்கு ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் முன்னர், இத்தாலி நாட்டிற் பிறந்த வீரமாமுனிவர் 3,615 விருத்தங்களாலும் 36 படலங்களாலும் அமைத்த இக்காப்பியம், தன் தலைவனாக அரசனையோ போர்வீரனையோ கொள்ளவில்லை. நாசரேத்துத் தச்சனாகிய வளனைக் கொண்டது. விவிலியத்தில் ஒரு சொல்லும் பேசாத சூசையே அவ்வளன். அரசர் குலத்தில் தோன்றியவன் ஆயினும் கைத்தொழிலால் வாழ்ந்தவன். தன்னேரில்லாத் தலைவன் வேண்டும் என்னும் தமிழ்க் காப்பிய இலக்கணத்தை முனிவர் ஒரு தச்சுப் பட்டறைக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அணியியல் நோக்கில் இந்நூலைப் பயிலும் நம் மாணவர்கள் நாட்டுப் படலத்திலும் நகரப் படலத்திலுமே பெரும்பாலும் தங்கிவிடுகின்றனர். அதனால் இப்புரட்சி அவர் கண்ணிற் படுவதில்லை.

நூலின் பெயரும் நம் ஆய்வுக்கு உதவும். தேன் போலும் பாக்களால் ஆகிய அணி என்பது ஒரு பொருள். தேம்பா அணி, அதாவது வாடாத மாலை என்பது மற்றொன்று. வாடாமை என்பதே நிலைபேறு அன்றோ? வாடாத மாலையைத் தொடுக்க முனிவர் எடுத்த மலர்களோ அன்றாடம் வாடுவன: வீடு, தொழில், திருமணம், ஐயம், பயணம், அயல்நாட்டு வாழ்வு, நோய், சாவு. திருமணப் படலத்தை அடுத்து ‘ஈரறம் பொருத்து படலம்’ ஒன்றை அவர் அமைத்தார். இல்லறம், துறவறம் என்று தமிழர் பகுத்த இரண்டினையும் ஒரே இல்லத்தில் இணைத்துக் காட்டுவது அதன் நோக்கம். வளனும் மரியும் கன்னிமை காத்துத் துறவியராய் வாழ்கின்றனர். அதே நேரத்தில் மனை நடத்துகின்றனர், உழைக்கின்றனர், வறியார்க்கு ஈகின்றனர். பத்தினித் துறவு என்பது நடைமுறைக்கு ஒவ்வாத உயர்நிலை என்று ஒருவர் மறுக்கலாம். அம்மறுப்பில் உண்மையும் உண்டு. ஆனால் முனிவர் இங்கே காட்ட விரும்பியது, மறுமையை நோக்கிய உள்ளம் மனையை விட்டு ஓட வேண்டியதில்லை என்பதே. செவியை அடைத்துக்கொண்டு ஓடிய யாத்திரிகனுக்கு நேர் எதிரே, ஐயம் தோன்றியபோதும் மனையை விட்டு நீங்காது, ஐயம் நீங்கப்பெற்று அங்கேயே வாழ்ந்தவன் வளன். ஐயந்தோற்று படலமும் ஐயம்நீங்கு படலமும் இதற்கெனவே அமைந்தவை எனலாம்.

இறுதியில் உள்ள முடிசூட்டு படலம் வளன் வானுலகில் முடிபெறுதலைப் பாடுகின்றது. திருக்கச்சி நம்பிகளின் கதையைக் கேட்டவர் இங்கே தடுமாறக்கூடும். வீசியதற்குப் பேசினோம் என்று கணக்குத் தீர்த்த இறைவன் ஒருபுறம். தச்சனுக்கு முடி சூட்டும் இறைவன் மற்றொருபுறம். உழைப்புக்குக் கூலியாகவா அம்முடி? கத்தோலிக்க மரபினராகிய முனிவர் நற்செயலின் பேற்றைப் பற்றி வெளிப்படையாகவே பேசுவார். அருள் ஒன்றாலேயே மீட்பு என்னும் சீர்திருத்த மரபினராகிய கிருஷ்ணபிள்ளை அவ்வாறு பேசார். இருவர்தம் கொள்கை வேறுபாட்டைச் சமயநூலார் ஆய்வாராக. காப்பியமாக நோக்கும்போது, முடி பெறும் அந்தக் கணத்துக்காக வளன் எங்கும் உழைத்ததாக நூலில் தோன்றவில்லை. எகிப்தில் அயலானாய்ப் பிழைத்த காலத்திலும், நோயுற்றுக் கிடந்த காலத்திலும், அவன் கண்முன் இருந்தது மகவின் முகம். முடி வந்தபோது அது எதிர்பாராத பரிசாகவே வருகின்றது. அதனால்தான் அப்படலம் வணிக நாற்றம் இன்றி அமைந்தது.

ஆக, இரு காப்பியங்களையும் எடைபோடுங்கால் ஒன்றைச் சொல்லாமல் விடுதற்கில்லை. உணர்ச்சிப் பெருக்கிலும் தமிழ் ஓசையின் இயல்பான ஓட்டத்திலும் கிருஷ்ணபிள்ளையே உயர்ந்தவர். முனிவரின் விருத்தங்களில் கற்றறிந்த கையின் இறுக்கம் பலவிடத்தும் தெரியும். ஆனால் நிலைவாழ்வின் நம்பிக்கை இன்றைய நாளை எவ்வாறு நிரப்பும் என்னும் நம் வினாவுக்கு, நிறைவான விடை தருவது தேம்பாவணியே. கிறித்தவக் கம்பன் என்று ஒருவரைப் புகழ்ந்துவிட்டு மற்றவரை அயல்நாட்டார் என்னும் வியப்போடு நிறுத்திவிடும் நம் வழக்கம், இவ்வேறுபாட்டைக் காணாதவாறு செய்துவிட்டது.

உரைநடையில் இதே விடையை வேறு வகையில் வாழ்ந்து காட்டியவர் ஒருவரையும் ஈண்டுச் சுட்டலாம். நீதிநூலும் பிரதாப முதலியார் சரித்திரமும் (1879) இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், நீதிபதி. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் தம் பொருளை வறியார்க்கு வழங்கியவர். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்ததும் பெண்கல்விக்காக எழுதியதும் அவர்தம் நம்பிக்கையின் புறம்பான பணிகள் அல்ல. விண்ணகரைப் பற்றி அவர் அதிகம் பாடவில்லை. வழக்குக்கு வந்தவன் மொழியில் தீர்ப்புச் சொன்னார்.

இன்று இக்காப்பியங்களை எவர் படிப்பர்? 1964-இல் தொடங்கப்பெற்ற அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும், ஆவடியின் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் இப்பகுதியின் காலக்கணக்கையே மாற்றிவிட்டன. கோயில் மணிக்கும் தேவாலய மணிக்கும் முன்னதாக ஆலைச் சங்கு ஊதிய ஊர்கள் இவை. அவ்வாலைகளில் வேலை பார்த்தோர் வீட்டுப் பிள்ளைகள் இன்று தமிழ் முதுகலை வகுப்பில் அமர்ந்து இக்காப்பியங்களைப் பாடமாகப் படிக்கின்றனர். இரவுப் பணி முடித்து விடியலில் வீடு திரும்பும் தந்தையைக் கண்டு வளர்ந்த மாணவனிடம், இவ்வுலகம் கடந்துபோகும் வழி என்று மட்டும் சொன்னால், அது தந்தையின் உழைப்பைச் சிறுமைப்படுத்துவதாகவே அவன் செவியில் விழும். மறுமையில் எல்லாம் சரியாகும் என்று கூறி, இம்மைக் கூலியில் அநீதி செய்தோரும் வரலாற்றில் உண்டு. பெரியாரின் சினம் அத்தகையோர்மேல் எழுந்ததாயின் அது நியாயமான சினமே. தேம்பாவணியின் தச்சன் அம்மாணவனுக்கு வேறொன்று சொல்லக்கூடும். வானவர் வணங்கும் மகவு வளர்ந்தது மரத்தூள் நிறைந்த கூடத்தில். அம்மகவுக்கு உணவளித்தது ஒரு மனிதன் உளியால் ஈட்டிய கூலி. நிலைவாழ்வு என்பது அக்கூலிக்கு அப்பாற்பட்ட ஒன்றாயினும், அக்கூலி வழியாகவே மண்ணில் உண்டு வளர்ந்தது. நம் பாடத்திட்டத்தில் நாட்டுப் படலத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பங்கையேனும் ஈரறம் பொருத்து படலத்துக்கு ஒதுக்குதல் நன்று.

இரட்சணிய யாத்திரிகத்தைப் பற்றி மற்றொரு செய்தி ஆய்வாளர் கருதத்தக்கது. பனியன் தம் கதையின் இரண்டாம் பகுதியை 1684-இல் வெளியிட்டார். கைவிடப்பட்ட மனைவியும் மக்களும் அதே வழியிற் புறப்படும் கதை அது. ஓட்டம் அங்கே இல்லை. குழந்தைகளுக்காக நின்று நின்று செல்கின்றனர். ஊன்றுகோல் ஊன்றுவானும் உளம் நலிந்தானும் கூட்டத்தில் சேர்கின்றனர். அவர்களுக்காக எல்லாரும் நடையைக் குறைத்துக்கொள்கின்றனர். உடன்வந்த இரக்கம் என்னும் இளம்பெண், தங்கிய வீட்டில் ஓய்ந்திராது வறியார்க்கு ஆடை தைத்துக் கொடுக்கின்றாள். அவளை மணக்க விரும்பி வந்தவன், அத்தையலுக்கு ஊதியம் இல்லை என்று அறிந்ததும் விலகிப் போகின்றான். பனியன் தம் முதற் கதைக்குத் தாமே எழுதிய மறுப்புரை என்று இதனைக் கொள்ளலாம். கிருஷ்ணபிள்ளையின் காப்பியம் பெரும்பாலும் முதற் பகுதியையே தழுவி அமைந்தது. இரண்டாம் பகுதியை அவர் காப்பியமாக்கவில்லை. அயோத்தியிலிருந்து மூவரைக் காட்டுக்கு அனுப்பிய கம்பனின் ஓசையை நன்கறிந்த அவர் செவியில், ஏழைக்குச் சட்டை தைக்கும் அப்பெண்ணின் ஊசியும் நூலும் எந்தச் சந்தத்தில் ஒலித்திருக்குமோ!